ஒளிப்படத்தைக் கொண்டு கலை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் கணினியிலோ போனிலோ படம் திருத்தப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். பின்னணி மாற்றவும் முகத்தை வெளிறச் செய்யவும் தெரிந்தபிறகு, இதைக் கொண்டு ஏதாவது சொல்லவும் முடியுமா என்று யோசிப்பவர்களுக்கான பக்கம் இது.

போட்டோஷொப் வாங்க வசதியில்லை. வேறு எதில் தொடங்கலாம்?

கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருள். முற்றிலும் இலவசம், 1996 முதல் பாவனையில் இருப்பது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து அளவை மாற்றவும் வழி இருக்கிறது. கணினியில் எதையும் நிறுவ முடியாத இடத்தில், உதாரணமாகப் பாடசாலைக் கணினி அறையில், போட்டோபீ (Photopea) என்ற இணையத்தளத்தைப் பிரவுசரில் திறக்கலாம். அது போட்டோஷொப்பின் பிஎஸ்டி கோப்புகளையும் திறக்கும். படம் வெளியே எங்கும் ஏறுவதில்லை. வேலை முழுவதும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், டேட்டாவும் அதிகம் போகாது.

போன் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஐபிஸ் பெயின்ட் எக்ஸ் போதும், அதில் லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே திருத்தும் படத் தாள்கள், உண்டு. ஸ்னாப்சீட் ஒளியும் நிறமும் திருத்த நல்லது, ஆனால் பல லேயர் வைத்து வேலை செய்ய அது சரிவராது. கிராக் செய்த போட்டோஷொப்பைப் பென்டிரைவில் வாங்கிப் போடவேண்டாம். அதோடு வரும் வைரஸ், பிறகு உங்கள் படங்களையே திறக்கவிடாமல் பூட்டக்கூடும்.

என் கணினி பழையது. தாங்குமா?

கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 300 பிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏ3 அளவுப் படம் என்பது 3508 × 4961 பிக்சல். சாதாரண 8 பிட் நிற ஆழத்தில் ஒரு லேயர் ஏறக்குறைய 70 எம்பி நினைவகத்தை எடுக்கும், 16 பிட்டில் அது இரட்டிக்கும். பத்து லேயர் என்றால் 700 எம்பி, அதற்குமேல் அன்டூவுக்காக மென்பொருள் வைத்துக்கொள்ளும் பிரதிகள் வேறு. 8 ஜிபி ராம் இருந்தால் ஏ3 செய்யலாம். 4 ஜிபி என்றால் ஏ4 அளவோடு, அதாவது 2480 × 3508 பிக்சலோடு, நிற்பது புத்தி. கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் மேசைக் கணினிக்கு ஒரு யுபிஎஸ் முதலில், பேனா டேப்லெட் பிறகு.

எஃபெக்ட் எல்லாம் தெரியும். ஆனால் படம் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது. ஏன்?

பெரும்பாலும் மென்பொருளைத் திறந்தபிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள் என்பதால். திறக்கமுதல் ஒரு கடதாசியில் ஒரு வசனம் எழுதுங்கள். "போர்" என்றோ "இழப்பு" என்றோ எழுதினால் அது தலைப்பு, வசனம் அல்ல. "அம்மம்மா புதிய வீட்டுக்குள் படுப்பதில்லை, இன்னும் கொட்டிலில்தான் படுக்கிறா" என்பது வசனம். அதில் ஆள் இருக்கிறது, இரண்டு இடம் இருக்கிறது, ஒரு முரண் இருக்கிறது. எதைப் படம்பிடிக்க வேண்டும், எது பெரிதாக வரவேண்டும், எது வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு வசனத்திலிருந்தே கிடைத்துவிடும். வேலை நடக்கும்போது ஒவ்வொரு லேயராகக் கண் அடையாளத்தை அணைத்துப் பாருங்கள். அணைத்தும் அந்த வசனம் குறையவில்லையென்றால் அந்த லேயர் தேவையில்லை.

இன்னொன்று. தலையறுந்த பனை, முட்கம்பி, மெழுகுதிரி, பறக்கும் புறா, கண்ணீர்த் துளிக்குள் இலங்கை வரைபடம் ஆகியவற்றை இரண்டு வருடத்துக்காவது ஒதுக்கிவையுங்கள். அவை பொய்யல்ல. பார்த்துப் பார்த்துத் தேய்ந்து போனவை, கண் அவற்றில் நிற்காமல் கடந்துவிடும். வன்னியில் இன்னும் யாரும் அவ்வளவாகத் தொடாத பொருட்கள் கிடக்கின்றன: வேலியாகிவிட்ட பழைய தகரம், ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையான தறப்பாள், வீட்டுத்திட்ட வீட்டின் பூசாத பக்கச் சுவர், பாலைப்பழக் கறை பிடித்த சேட்.

முதலில் எந்தக் கருவியைப் பழகவேண்டும்?

லேயர் மாஸ்க், அதாவது லேயரின் எந்தப் பகுதி தெரியவேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு. மற்றதெல்லாம் பிறகு. அழிறப்பரால் அழித்தால் அழித்தது போய்விடும். மாஸ்க்கில் கறுப்புத் தூரிகை மறைக்கும், வெள்ளைத் தூரிகை திரும்பக் கொண்டுவரும், சாம்பல் பாதி மறைக்கும். கிம்ப்பில் லேயரின்மேல் வலது கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க், பிறகு வெள்ளை. அடிக்கடி வரும் கரைச்சல்: மாஸ்க் என்று நினைத்துப் படத்தின் மேலேயே கறுப்புப் பூசிவிடுவது. லேயர் பட்டியலில் இருக்கும் இரண்டு சிறு படங்களில் எதைச் சுற்றிக் கட்டம் இருக்கிறது என்று பார்த்துவிட்டே பூசுங்கள்.

முதல் பயிற்சியாக எதைச் செய்யலாம்?

பழைய படம் ஒன்றை, அது எடுத்த அதே இடத்தில் இன்று எடுத்த படத்தோடு சேர்ப்பது. கருத்து தானாகவே வரும், தொழில்நுட்பமும் நேர்மையாகப் பழகும்.

இடப்பெயர்வுகளில் அல்பங்கள் தொலைந்த வீடுகள்தான் இங்கே அதிகம். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கேளுங்கள், முந்திக் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் அங்கே பத்திரமாக இருக்கும். வீட்டு முற்றத்தில் எடுத்த படமாக, பின்னால் ஏதாவது நிலையான பொருள் தெரியும் படமாகத் தெரிந்தெடுங்கள். சுவரும் கூரையும் போயிருக்கும். கிணற்றுக் கட்டு, அத்திவாரம், வாசற்படி, கோயில் கேணி, பெரிய மரம் பெரும்பாலும் நிற்கும்.

கமரா முன்னர் நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பழைய படத்தில், கிட்ட இருக்கும் ஒரு பொருள் தூர இருக்கும் ஒன்றை எங்கே மறைக்கிறது என்று பாருங்கள். கிணற்றுக் கட்டின் இடது ஓரம், பின்னாலுள்ள மரத்தின் அடியை நேராகத் தொடுகிறதென்று வையுங்கள். நிலத்தில் அந்த இரண்டும் அதேபோல் ஒன்றையொன்று தொடும்வரை பக்கவாட்டாக நகருங்கள். இப்போது நீங்கள் ஒரு கோட்டின்மேல் நிற்கிறீர்கள். வாசற்படியின் மூலையும் அதற்குப் பின்னாலுள்ள ஏதோவொன்றும் என இன்னொரு சோடி பிடித்தால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டும் வெட்டும் இடந்தான் கமரா நின்ற இடம். உயரமும் முக்கியம். பழைய படத்தில் அடிவானம் ஆட்களின் நெஞ்சை வெட்டினால், கமரா நெஞ்சுயரத்தில் இருந்திருக்கிறது.

போனின் பிரதான கமரா பழைய ஃபிலிம் கமராக்களைவிட அகலமாகப் பார்க்கும். அதற்காக முன்னே போகவேண்டாம், அதே இடத்தில் நின்று 2 மடங்கு சூமில் எடுங்கள், அல்லது பிறகு வெட்டுங்கள். பொருட்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நிற்கும் இடம், லென்ஸ் அல்ல. நீங்கள் முன்னே போனால் கிணறு சரியாகப் பொருந்தும், மரம் பொருந்தாது. அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காகத் திருத்த முடியாது.

பிறகு கணினியில்: இன்றைய படம் கீழே, பழையது மேலே, மேல் லேயரின் ஒபாசிட்டி (ஒளிபுகாத்தன்மை) 50 வீதம். முதலில் ஒரு புள்ளியை, உதாரணமாகக் கிணற்றின் மூலையை, பொருத்துங்கள். அந்தப் புள்ளியை மையமாக வைத்துப் பெருப்பித்துச் சுழற்றி இரண்டாவது புள்ளியைப் பொருத்துங்கள். பொருந்தியதும் ஒபாசிட்டியை 100க்குக் கொண்டுவந்து, மாஸ்க் போட்டு, பழையதில் எது மிஞ்சவேண்டுமோ அதை மட்டும் விடுங்கள். இங்கேதான் முடிவெடுக்க வேண்டும்: எங்கே வெட்டுவது? எல்லாப் பக்கமும் மென்மையாகக் கரைத்தால் கல்யாண அல்பம் போலாகிவிடும். அத்திவாரத்தின் கோட்டிலேயே கூர்மையாக வெட்டி, கீழே இன்றைய புல், மேலே அன்றைய சுவர் என்று நிறுத்தினால் பார்ப்பவர் அந்தக் கோட்டில் நின்றுவிடுவார். பழையதன் மங்கல் நிறத்தை இன்றைய படத்தோடு ஒத்துப்போகச் செய்யவேண்டாம். இரண்டும் வேறு காலம் என்பதை நிறமே சொல்லட்டும்.

படம் எடுக்கப் போகும் வழியில் முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். மிதிவெடிப் பலகை நிற்கும் காணிக்குள் ஒரு கோணத்துக்காகவும் கால் வைக்கவேண்டாம்.

வெட்டி ஒட்டிய ஆள் ஒட்டியதாகவே தெரிகிறது. எங்கே பிழை?

ஓரத்தைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் பிழை வெளிச்சத்தில்.

வன்னி ஏறக்குறைய வடக்கு 9 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள்ளேயே விழும். டிசம்பர் கடைசியில் அதே நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 6 அடி ஆளின் நிழல் ஏறக்குறைய 4 அடி நீளத்துக்கு வடக்கே விழும். ஜூன் கடைசியில் நிழல் தெற்குப் பக்கம், ஒன்றரை அடிதான். ஆகவே சித்திரை வருடப்பிறப்பன்று எடுத்த ஆளை மார்கழியில் எடுத்த வயல்வெளியில் நிறுத்தினால், காரணம் தெரியாமலே கண் "இல்லை" என்றுவிடும். மூக்கின் கீழுள்ள நிழலைப் பாருங்கள், பின்னணியில் ஒரு வேலித் தூணின் நிழலைப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் விழவில்லையென்றால் வேறு படம் எடுங்கள். ஆளைப் பக்கம் மாற்றித் திருப்பினால் சிலவேளை சரிவரும், ஆனால் சேட்டில் எழுத்திருந்தால் அதுவும் திரும்பிவிடும்.

அடுத்தது கறுப்பு. தூரத்தில் நிற்கும் மரத்தின் நிழற்பகுதி தூசியாலும் ஈரத்தாலும் சாம்பலாகத்தான் தெரியும். அதன் பக்கத்தில் ஒட்டிய ஆளின் தலைமயிர் முழுக் கறுப்பாக இருந்தால் அவர் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்தான். லெவல்ஸ் என்ற வெளிச்சம் திருத்தும் கருவியில் கீழுள்ள அவுட்புட் பட்டையின் கறுப்பு முனையை 0இலிருந்து 15, 20 என்று ஏற்றி, அதே தூரத்திலுள்ள பொருட்களின் கறுப்போடு ஒப்பிடுங்கள்.

கால் நிலத்தைத் தொடும் இடத்தில் இரண்டு நிழல் வேண்டும். ஒன்று பாதத்தை ஒட்டி ஒடுக்கமாக, கடுங்கறுப்பாக. மற்றது நீண்டு, போகப்போக மங்கலாக. முதலாவதைப் போடாவிட்டால் ஆள் மிதப்பார். நிழலைத் தனி லேயரில் மல்டிப்ளை முறையில் (கீழுள்ளதை இருளச் செய்யும் கலப்பு முறை) வையுங்கள், கறுப்பு நிறத்தால் அல்ல, நிலத்தின் நிறத்தைக் கருமையாக்கி எடுத்த நிறத்தால். நம்முடைய செம்மண்ணில் சாம்பல் நிழல் அழுக்குப் போலத் தெரியும்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய லேயரில் 50 வீதச் சாம்பல் நிரப்பி, மெல்லிய நொய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்து, சொஃப்ட் லைட் கலப்பு முறையில் வையுங்கள். வேறுவேறு கமராவில் எடுத்தவை ஒரே மணற்பரப்பைப் பெறும்.

தறப்பாள், தகரம் போன்றவற்றின் தோற்றத்தை முகத்தின்மேல் கொண்டுவருவது எப்படி?

காலை ஏழு மணிபோல, சாய்ந்த வெயிலில் எடுங்கள், நெசவும் மடிப்பும் அப்போதுதான் மேடுபள்ளமாகத் தெரியும். போனைத் தறப்பாளுக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள்.

அந்தப் படத்தின் நிறத்தை எடுத்துவிட்டு முகத்தின்மேல் மல்டிப்ளையில் வைத்தால் எல்லாம் இருண்டுவிடும். மல்டிப்ளை இரண்டு பிக்சலின் வெளிச்ச எண்ணையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255ஆல் வகுக்கிறது: 200உம் 200உம் சேர்ந்தால் 157தான். வெள்ளை மட்டுமே ஒன்றும் செய்யாது. ஆகவே முதலில் லெவல்ஸில் தறப்பாளின் வெளிர்ப் பகுதியை வெள்ளைவரை தள்ளுங்கள், மடிப்புகளும் கிழிசலும் மாத்திரம் கருமையாக மிஞ்சட்டும். ஸ்கிரீன் இதன் மறுபக்கம், அதில் கறுப்பு மறையும். மழைத்துளிக்கும் புகைக்கும் அது பொருந்தும். மாஸ்க்கில் கண்களையும் வாயையும் 30 வீதக் கறுப்பால் சற்றுத் திறந்துவிடுங்கள், முழுதாகத் திறந்தால் முகமூடி போட்டது போலாகும்.

கண்ணாடியில் ஒட்டிப்போன, ஈரம்பட்ட பழைய படத்தை எப்படிக் கணினிக்குக் கொண்டுவருவது?

இழுக்கவேண்டாம். ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் படலம் கண்ணாடியோடு பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியிலும் கடதாசி கையிலுமாக வரும். கண்ணாடியைத் துடைத்து, அப்படியே ஸ்கான் செய்யுங்கள்.

தனியாக இருக்கும் சிறு படமென்றால் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) குறைந்த அளவு. 2 × 3 அங்குலப் படம் அதில் 1200 × 1800 பிக்சல் வரும், 4 × 6 பிறின்ட்டுக்குப் போதும். பெரிதாக வேண்டுமென்றால் 1200. ஸ்கானர் இல்லாவிட்டால் விறாந்தை நிழலில் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி வைத்து, சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு சூமில் எடுக்கலாம். நிறத்தைச் சரிசெய்ய அந்த வெள்ளைக் கடதாசி உதவும்.

ஸ்ரூடியோக்கள் ஒருகாலத்தில் விரும்பிய சொரசொரப்பான கடதாசிப் படங்களை ஸ்கான் செய்தால் புள்ளிபுள்ளியாக மினுங்கும். ஒருமுறை ஸ்கான் செய்து, படத்தை 180 பாகை திருப்பி மறுமுறை ஸ்கான் செய்யுங்கள். இரண்டையும் நேராக்கிப் பொருத்தி, மேல் லேயரை, இரண்டிலும் இருண்டதை மட்டும் காட்டும் டார்க்கன் ஒன்லி முறையில் வையுங்கள். மினுக்கம் இரண்டிலும் வேறு வேறு பக்கத்தில் விழுந்திருப்பதால் பெரும்பகுதி போய்விடும்.

நிறம் சிவந்துபோன படத்துக்கு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சனலாக எடுத்து, வரைபடத்தின் இரண்டு முனைக்கும் முக்கோணங்களை நகர்த்துங்கள். பாதித் திருத்தம் அதிலேயே முடியும். கீறல்களை ஹீல் கருவியால், புதிய வெறும் லேயரில், சாம்பிள் மேர்ஜ்ட் (எல்லா லேயரிலிருந்தும் எடுக்கும் தெரிவு) போட்டுத் திருத்துங்கள். கண், மூக்கு, வாய் ஓரங்களில் ஹீல் குழப்பும், அங்கே பக்கத்து இடத்தை அப்படியே நகலெடுக்கும் குளோன் கருவி.

ஏஐ செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் முகம் தெளிவாகிறதே?

தெளிவாகிறது, ஆனால் யாருடைய முகம்? தேய்ந்த இடத்தில் இருந்ததை அது கண்டுபிடிப்பதில்லை, தான் பார்த்த ஆயிரமாயிரம் முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. பல்வரிசை நேராகும், தழும்பு மறையும், நிறம் வெளிறும். தேநீர்க்கடை விளம்பரத்துக்கு அது பறவாயில்லை. ஒரு வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரேயொரு படம் அதுவென்றால், மங்கலாகவே விடுங்கள்.

"இவரையும் குடும்பப் படத்தில் சேர்த்துத் தாருங்கோ" என்று கேட்கிறார்கள். எப்படிச் செய்வது?

இங்கே இதுதான் அதிகம் வரும் வேலை. அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கும்: நேர்முகம், தட்டையான ஒளி, தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. அதை வேறொருவருடைய உடம்பில் பொருத்தி கோட் போட்டுவிடுவது வழக்கம். வேண்டாம். கழுத்தின் தடிப்பும் தோளின் சரிவும் பொருந்தாது, வீட்டாருக்கு அந்த உடம்பு அந்நியமாகத் தெரியும். அந்தத் தட்டையான படத்தைத் தட்டையாகவே பாவியுங்கள்: சுவரில் மாட்டிய படமாக, தாயின் மடியிலுள்ள பிறின்ட்டாக. கண்ணாடிச் சட்டகத்தில் அறையின் யன்னல் வெளிச்சம் லேசாகத் தெறிப்பதைக் காட்டினால் அது அந்த அறைக்குள் வந்துவிடும்.

முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவர் இறந்தவரா, காணாமல் ஆக்கப்பட்டவரா? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்திப் போராடிவருகிறார்கள். அவர்கள் கேட்பது பிள்ளை எங்கே என்று. அந்தப் படத்துக்கு மாலையோ குத்துவிளக்கோ பொட்டோ போட்டால் நீங்களாகவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டீர்கள். வீட்டார் தாங்களாகக் கேட்டாலொழிய அவற்றைத் தொடவேண்டாம். கறுப்பு வெள்ளையாக்குவதும் பல வீடுகளில் அதே அர்த்தத்தைத்தான் தரும்.

இப்படிச் சேர்ப்பது பொய்யில்லையா?

சேர்த்தது என்று சொல்லாமல் செய்திப்படமாகப் பரப்பினால் பொய். கலையாகச் செய்வதற்கு வயது அதிகம்: ஒஸ்கார் றெய்லாண்டர் 1857இலேயே முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் உண்டாக்கினார். முகநூலில் போடும்போது "பல படங்கள் சேர்த்துச் செய்தது" என்று ஒரு வரி, எந்தெந்த வருடப் படங்கள் என்று இன்னொரு வரி போடுங்கள்.

இணையத்தில் எடுத்த படத்தைப் பாவிக்கலாமா?

எடுத்தவரிடம் கேட்காமல் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் உரிமை அவருடையது, பதிவுகூடத் தேவையில்லை. இரணைமடு வான்கதவு படத்துக்கு இணையத்தில் தேடுவதைவிட, பஸ் ஏறிப் போய் எடுப்பது சுலபம்.

தமிழ் எழுத்துப் போட்டால் கொம்பு இடம்மாறி விழுகிறது.

கிம்ப்பில் இந்தப் பிரச்சினை இல்லை. பழைய போட்டோஷொப் சிசி பதிப்புகளில் பிரஃபரன்சஸ், டைப் என்று போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் தெரிந்து, மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் தட்டச்சிடுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்தால் எந்த மென்பொருளிலும் ஒழுங்காகத் தெரியும்தான். ஆனால் அச்சகத்தில் பாமினி இல்லாவிட்டால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் இரண்டும் இலவச யூனிகோட் எழுத்துருக்கள்.

திரையில் பளிச்சென்று இருந்தது. பிறின்ட்டில் இருண்டுவிட்டது.

திரை தானாக ஒளிர்கிறது, கடதாசி ஒளிர்வதில்லை. வேலை செய்யும்போது திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் குறையுங்கள், பக்கத்தில் பிடித்த வெள்ளைக் கடதாசி அளவுக்குத் திரை வெள்ளை தெரியவேண்டும். பெரிதாக அடிக்கமுதல், படத்தின் முக்கிய பகுதியை மூன்று வெளிச்ச அளவில் ஒரே 4 × 6 இல் அடுக்கி, 1200 × 1800 பிக்சலில், ஸ்ரூடியோவில் அடித்துப் பாருங்கள். ஸ்ரூடியோ மெசினுக்கு எஸ்ஆர்ஜிபி (திரையின் நிறமுறை) ஜேபெக் கொடுங்கள், சிஎம்வைகே (அச்சு மையின் நிறமுறை) கேட்பது அச்சகம்.

ஃபிளெக்ஸ் பெனருக்கு 300 பிபிஐ தேவையில்லை. தள்ளி நின்று பார்ப்பது அது, 72 போதும். 6 × 4 அடி என்றால் 5184 × 3456 பிக்சல்.

எந்த வடிவில் சேமிப்பது, எப்படி அனுப்புவது?

வேலைக்கோப்பு எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் வடிவம்) அல்லது பிஎஸ்டி, லேயர்களோடு. ஜேபெக்கை ஒவ்வொருமுறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் தரம் குறையும், ஆகவே அது கடைசிப் பிரதிக்கு மட்டும், தரம் 90க்குக் குறையாமல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டொக்கியூமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். ஸ்கான் செய்த மூலப்படத்தைத் திருத்தாத பிரதியாக, வருடம், இடம், படத்திலுள்ளோரின் உறவுமுறை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, வீட்டில் ஒன்றும் வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்றுமாக வையுங்கள்.